குழாய் இருந்த பக்கம்

வருஷத்துக்கு மூன்று மீட்டர், சென்யோரா,
என்றான் நாற்றங்கால்காரன்.
மூன்றாம் கோடையில் இதனடியில் தூங்கலாம்.
பெயர் பரைசோ. சொர்க்கம் என்று அர்த்தம்.
விலை இருபதாயிரம் குவாரனி.
சொர்க்கத்துக்கு அது மலிவுதான்.

அரசாங்கம் கட்டிக்கொடுத்த நாற்பது வீடுகள்,
நாற்பதும் ஒரே அச்சு.
செம்மண்ணில் அப்போது புல்கூட இல்லை.
நான் இரவு இரண்டு மணிக்கு எழுந்து சிப்பா சுடுகிறவள்.
கூடையோடு விடியுமுன் பேருந்து ஏறி
கொன்செப்சியோன் சாலையில் விற்றுத் தீர்த்து
என் இரவைத் தொடங்கும்போது
ஊருக்கு மணி பிற்பகல் ஒன்று.
ஜனவரியில் தகரக் கூரை
என் அடுப்பைவிடக் கெட்டது.
சிப்பாவையாவது இருபது நிமிடத்தில்
வெளியே எடுத்துவிடுவேன்.

கிழக்கு வேலியோரம் குழி வெட்டினேன்.
ஏன் கிழக்கு என்று கேட்காதீர்கள்.
குழாய் அந்தப் பக்கம் இருந்தது.

அது வளர்ந்த வேகத்தில்
கொஞ்சம் மரியாதைக்குறைவு இருந்தது.
அக்காள் வீட்டில் பத்து நாள் தங்கித் திரும்பினால்
அழைக்காமல் குடிவந்த ஆள்போல
முற்றத்தில் நிமிர்ந்து நின்றது.
காற்றில் ஒரு கிளை முறிந்தது;
முறிந்த இடத்தில் மூன்று முளைத்தன.
ஊதாப் பூ. இரவில் வாசனை.
அந்த வாசனையில் மாவு பிசைந்தேன்.

மூன்றாம் கோடை.
நாற்றங்கால்காரன் பொய் சொல்லவில்லை.
குடை விரிந்திருந்தது.
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.
பிற்பகல் இரண்டு.
நிழல் இல்லை.
இருந்தது, என் பக்கம் இல்லை.
சூரியன் மேற்கே சாயச் சாய
அது கம்பிவேலிக்கு அடியில் நுழைந்து
டெர்லிஸின் முற்றம் கடந்து
டெர்லிஸின் சுவரேறி
டெர்லிஸின் கூரைமேல் படுத்துக்கொண்டது.
கீழே அவன், தொங்குபடுக்கையில்,
ஐஸ் போட்ட டெரெரேயை உறிஞ்சியபடி
என்னைப் பார்த்துக் கையசைத்தான்.

எனக்குக் கிடைத்தது காலை நிழல்.
காலையில் நான் பேருந்தில் இருப்பேன்.

தண்ணீர்க் காசில் பாதி கொடு என்றேன்.
டெர்லிஸ் விரல் விட்டு எண்ணினான்.
குளிர்காலத்தில் உன் இலையைக் கூட்டுவது யார், நிமியா?
மஞ்சள் காய் பன்றிக்கு ஆகாது,
குனிந்து பொறுக்குவது யார்?
கூட்டிக் கழித்தால் நீதான் எனக்கு
எட்டாயிரம் தரவேண்டும்.

வெட்டிவிடலாம் என்று தோன்றியது.
தெருவில் கோடாரி ஒன்றே ஒன்று,
அது டெர்லிஸிடம் இருந்தது.
கேட்கப் போனேன். தரமாட்டேன் என்றான்.
அவன் வாசலில் நின்று சண்டை போடுகையில்
என் முதுகு குளிர்ந்திருப்பதைக் கவனித்தேன்.
வேண்டியதற்குமேல் கொஞ்ச நேரம்
சண்டை போட்டேன்.

அன்று கட்டிலில் கிடந்து
நாற்பது வீடுகளையும் ஒவ்வொன்றாக நினைத்தேன்.
அவன் பிற்பகல் என் முற்றத்திலிருந்து போகிறது.
என் பிற்பகல்
எங்கிருந்து வரவேண்டும்?

மறுநாள் இன்னொரு இருபதாயிரம்.
கன்றோடு போய்
மேற்கு வீட்டு எடுவிகிஸின் கதவைத் தட்டினேன்.
உன் மண்ணில் நடு, என் வேலி ஓரமாக,
வளர்ப்பது என் பாடு.
காலை நிழல் என் துணிக்கொடிமேல் விழுமே, என்றாள்.
ஆஸ்பத்திரிப் போர்வைகள் ஐம்பது, எங்கே காயும்?
என் முற்றத்தில் கட்டிக்கொள், என்றேன்.
மதியத்துக்குமேல் அங்கே வெயில்தான்,
அதற்கு நான் சாட்சி.
வேலியைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள்.
மூன்று கோடை கழிந்தால்
அங்கேயும் வெயில் இருக்காது என்பது
அவளுக்கும் தெரிந்திருக்கும்.
சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்து வந்தாள்.

இப்போது கன்றின் நிழல் ஒரு சிப்பா அளவு.
வரிவரியாய் ஈரப் போர்வைகள் என் முற்றத்தில்.
அவற்றுக்கிடையே குனிந்து நடக்கிறேன்,
கையில் வாளி.
குழாய் இந்தப் பக்கம் இல்லை.